ஒற்றை டம்ளர் விற்காதவர்

பாகூர் மார்க்கெட் வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த அத்தை ஒற்றை டம்ளர் விற்கமாட்டார். நான் கேட்டுப் பார்த்துத் தோற்றவன். "கடையில நான் ஒரு ஆளுதான் டீ குடிக்கிறேன் அத்த, ஒன்னு போதும்" என்றேன். அவர் இரண்டை எடுத்துத் தாளில் சுற்றிக்கொண்டே, "ஒன்னு மட்டும் தனியா ஒக்காந்து இன்னா பண்ணும்?" என்றார். டம்ளருக்காக இவ்வளவு வருத்தப்படுகிற ஆளிடம் என்ன பேசுவது? இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

உறவில் அத்தை இல்லை. என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிர்க்கடை, அம்மாவுக்கு நெடுநாள் பழக்கம், அதனால் அத்தை. எதையும் ஜோடியாகப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். பஸ் ஸ்டாப்பில் யாரோ விட்டுப்போன இடது கால் செருப்பு ஒன்று ஒரு மாதமாகக் கிடந்தது. அத்தை எங்கிருந்தோ ஒரு வலது கால் செருப்பைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். நிறம் வேறு, கம்பெனி வேறு. "அளவு ஒத்துப்போச்சு பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாட்ச்மேனுக்கு மனைவி போய் எட்டு வருஷம் கழித்து, பால் சொசைட்டியில் அளந்து ஊற்றுகிற ஒரு அம்மாவைச் சேர்த்து வைத்ததும் இவர்தான். ஐம்பது வயதுக்கு மேல் அவர்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளைப் போல் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தார்கள்.

இவ்வளவு செய்கிறவர் தன் வீட்டுக்காரரோடு பேசி வருஷக்கணக்காகிறது. அவர் கடையின் பின்பக்கம் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாங்க வந்தவர்தான் தூது. "அந்தாளு கிட்ட சொல்லுங்க, சாப்பாடு எடுத்து வெச்சிருக்குன்னு" என்பார் அத்தை. மூன்றடி தூரத்தில் இருக்கிற மனிதரிடம் குத்துவிளக்கு வாங்க வந்தவர் அதைத் திருப்பிச் சொல்லுவார்.

அத்தையிடம் ஒரு மஞ்சள் துணிப்பை உண்டு. ஊரில் கல்யாணம் ஆகாத அத்தனை பேரும் அதற்குள் மடிந்து கிடந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் என் கடைக்கு வந்து ஜாதகங்களை ஜெராக்ஸ் எடுப்பார். "இதுக்கு முதுகுப் பக்கமும் எடுடா, கொழுந்தனார் எத்தினி பேருன்னு அங்கதான் எழுதியிருக்குது."

என்னுடையதும் அந்தப் பையில் இருந்தது. ஆயில்யம் நாலாம் பாதம், மீன லக்னம், ஏழில் சனியும் கேதுவும். அம்மா இதைப் போனில் எத்தனை பேரிடம் ஒப்பித்திருப்பார் என்று சொல்ல முடியாது; எங்கள் வீட்டுப் பல்லிக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். அத்தை விடாமல் தேடி ஏம்பலத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டார். வில்லியனூர் ஜோசியர் எட்டுப் பொருத்தம் என்றார். கரும்பு நிலம் உள்ள வீடு, பெண் பி.காம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக முடிவாகி, அம்மா பூவுக்கும் பழத்துக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். பதினைந்து வயதிலேயே எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது, எதிர்க்கடைக்குத் தெரியவே கூடாது. எதிர்க்கடைக்குத் தெரிந்தால் மறுநாள் சுத்துக்கேணி வரைக்கும் தெரிந்துவிடும். ஆகவே, வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் என் தைரியம் அவ்வளவுதான்.

வாயால் சொல்ல முடியாததை எழுதி வைத்திருந்தேன். புனைபெயரில் நானூறு பக்க நாவல். பாகூர் ஏரியை வெட்டிய காலத்தில் நடக்கிற கதை. ஏரிக்கு அடியில் கொம்பு முளைத்த ஆமை ஒன்று இருக்கிறது. அது தலையாட்டினால்தான் மதகு திறக்கும். மதகைக் காக்கிற தும்பனுக்கும் அரசனின் படைத்தலைவன் நீலவாணனுக்கும் காதல். கடைசியில் நீலவாணன் போரில் செத்துப்போகிறான். ஆமை கொடுத்த வரத்தால் சாக முடியாத தும்பன் ஏரிக்கரையில் முந்நூறு வருஷம் தனியாக உட்கார்ந்திருக்கிறான். எழுதி முடித்தபோது எனக்கே அழுகை வந்தது. பெரிய எழுத்தாளன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அது அச்சாகிப் புத்தகக் கட்டு கடைக்கு வந்த நேரம் பார்த்து அத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். கட்டைப் பிரிப்பதற்குள் ஒன்றை உருவிக்கொண்டார்.

"ஆருதுடா இது?"

"பிரண்டு ஒருத்தன் எழுதினது அத்த. ஒங்களுக்குப் புடிக்காது."

"புடிக்குதா புடிக்கலையான்னு படிச்சாதானே தெரியும்" என்று மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் எதிர்க்கடைப் பக்கம் தலையைத் திருப்பாமல் ஜெராக்ஸ் எடுத்தேன்.

மூன்றாம் நாள் ரோட்டைத் தாண்டி வந்தார். புத்தகத்துக்கு நாலாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு மாதிரி காக்கி அட்டை போட்டிருந்தார்.

"இதுல ரெண்டு பேரும் பசங்களாடா?"

"ஆமாம் அத்த."

"கடைசி வரைக்குமா?"

"அப்டின்னா?"

"ஒருத்தன் மாறுவேசத்துல வந்த பொண்ணுன்னு கடைசில சொல்லிடுவானோன்னு பயந்துக்கினே படிக்கிறேன்."

"இல்ல அத்த. ரெண்டு பேரும் பசங்கதான்."

"அப்ப சரி. படிக்கறவங்கள ஏமாத்தாம இருந்தா போதும்" என்று திரும்பிப் போய்விட்டார். நான் மிஷினில் தாளைத் தலைகீழாகச் சொருகிக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் கடையில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். உரக்கடை அண்ணன் ஒருவர், பனித்திட்டிலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற அக்கா ஒருவர், பின்னால் அண்டாக்களுக்கு நடுவே அத்தையின் வீட்டுக்காரர். இவர்கள்தான் சபை. ஊர் கல்லெடுத்து அடிக்கப்போகிறது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வேறு கவலைகள் இருந்தன.

உரக்கடை அண்ணனுக்கு முதல் நாளே கோபம் வந்துவிட்டது. "ஆமை பேசுதுன்னா பேசிட்டுப் போவட்டும், எனக்கு ஒன்னுமில்ல. சித்திரை மாசத்துல எவனாவது மதகத் தொறப்பானா? நாத்து எங்க இருக்குது? தண்ணி எங்க போவும்?" இதை நாலு நாள் தொடர்ந்து கேட்டார். ஐந்தாம் நாள் என் கடைக்கே வந்து, சித்திரையை வெட்டிவிட்டு ஆடி என்று போடும்படி என் பிரண்டிடம் சொல்லச் சொன்னார்.

பதினெட்டாம் அத்தியாயம் வந்தது. மழையில் நனைந்த இரண்டு பேரும் மதகு அறைக்குள் முதல்முறை முத்தமிட்டுக்கொள்கிற இடம். பதினோரு தடவை திருத்தி எழுதியது. அத்தை அதைச் சீர் பாத்திரப் பட்டியல் வாசிக்கிற அதே குரலில், குத்துப்போணி ஒன்று, தாம்பாளம் இரண்டு என்பது போல வாசித்து முடித்தார். நான் என் கடையில் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

மீன்கார அக்காதான் முதலில் கேட்டார். "ஈரத்துணியோடவா?"

"ஈரத்துணியோடன்னுதான் போட்டிருக்கான்."

"மாத்து வேட்டி இல்லியாமா? படைத்தலைவன்னு சொல்ற. நெஞ்சுச்சளி புடிச்சிக்கினா யாரு பாக்கறது?"

"எழுதனவனுக்கு வூட்டு வேலை தெரியாது, வுடு" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் வேறு தகராறு. இவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் என்றால் சீர் யார் செய்வது? உரக்கடை அண்ணன் படைத்தலைவன் வீடுதான் வசதி, அவர்கள் செய்யட்டும் என்றார். மதகுக் காவலன் வீட்டுக்கு மானம் இல்லையா என்று மீன்கார அக்கா சண்டைக்கு வந்தார். அத்தை யோசித்து, "ரெண்டு பக்கமும் மாப்ள வூடு. அப்ப ரெண்டு பக்கமும் சீரு செய்யணும். எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு" என்றார். பின்பக்கத்திலிருந்து அவர் வீட்டுக்காரர், "அந்தம்மா கிட்ட சொல்லுங்க, இது நல்ல யோசனைன்னு" என்றார். அன்றைக்கு மூன்று பேருக்கும் ஒரே ஆச்சரியம்.

கடைசி அத்தியாயத்தை அத்தை சத்தமாக வாசிக்கவில்லை. தனியாகப் படித்துவிட்டு என் கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒன் பிரண்டு நம்பரக் குடு."

"அவன் போன் வெச்சிக்கறதில்ல அத்த."

"அப்ப லெட்டர் எழுதணும். நான் சொல்றேன், நீ அடி."

என்னைப் பற்றிய புகாரை நானே கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்தேன்:

"எழுதினவருக்கு வணக்கம். அந்தப் பையனை முந்நூறு வருசம் ஏரிக்கரையில தனியா ஒக்கார வெச்சிருக்கீங்க. அவனுக்குச் சோறு யாரு போட்டாங்க? ஜொரம் வந்தா யாரு பாத்தாங்க? அவன் ஏன் யாரு கிட்டயும் வாயத் தொறந்து ஒன்னும் சொல்லல? சொன்னா சாவடிச்சிடுவாங்கன்னு அவனா நெனச்சிக்கினானா, இல்ல யாராவது சொன்னாங்களா? பதில் போடவும்."

"கடைசிக் கேள்விக்கு ரெண்டு கேள்விக்குறி போடு" என்றார். போட்டேன். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அனுப்பிவிடுகிறேன் என்றேன். அது இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

லெட்டரோடு அவருக்கு ஆறவில்லை. "பொருத்தம் சரியில்லன்னுதான் ஒன் பிரண்டு பிரிச்சிட்டானோ இன்னாவோ. பாத்துடலாம் வா" என்று மறுநாள் காலையில் என் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. கதையில் வருகிற ஆட்களுக்குப் பொருத்தம் பார்க்க வில்லியனூர் போகிறோம் என்பது எனக்குச் சிரிப்பாக இருந்தது, ஜோசியர் வீட்டு வாசல்படி ஏறும் வரைக்கும்.

அங்கே அத்தை ஒரு பில்லின் முதுகில் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தார். "ஒருத்தன் உத்திரம். இன்னொருத்தன் ஆயில்யம் நாலாம் பாதம், மீன லக்னம், ஏழுல சனியும் கேதுவும்."

என் தலையில் இடி விழுந்தது. நாவலில் நீலவாணனுக்கு ஏதோ ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு, தும்பன் பிறந்த நேரத்தை ஆமை சொல்வதாக ஒரு இடம் எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்த ஜாதகம் ஒன்றே ஒன்றுதான்; யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அதையே போட்டுவிட்டிருந்தேன். ஜாதகங்களைப் பையில் சுமந்துகொண்டு திரிகிற ஒருவர் படிப்பார் என்று எந்த எழுத்தாளனாவது நினைப்பானா?

ஜோசியர் கட்டம் போட்டார். "ரெண்டும் ஆம்பள ஜாதகம்னு சொல்றீங்க. கூட்டு யாபாரமா?"

"ஆமாங்க. ஆயுசுக்கும் கூட்டு" என்றார் அத்தை. "பத்துப் பொருத்தமும் பாருங்க."

"ஸ்த்ரீ தீர்க்கம்னு ஒன்னு இருக்குது. பொண்ணு நட்சத்திரத்துலேருந்து எண்ணணும். இங்க எங்கேருந்து எண்றது?"

"ரெண்டு பக்கமும் எண்ணிப் பாருங்க."

அவர் பொறுமையான மனிதர். எண்ணினார். "உத்திரத்துலேருந்து எண்ணுனா இருக்குது. ஆயில்யத்துலேருந்து எண்ணுனா இல்ல."

"ஒரு பக்கம் இருந்தா போதும். அடுத்தது?"

"மகேந்திரம் எந்தப் பக்கம் எண்ணுனாலும் வருது. புள்ளகுட்டி யோகம்."

"அத அப்பறம் பாத்துக்கலாம்."

ஜோசியர் பேனாவை நிறுத்திவிட்டு ஆயில்யக் கட்டத்தையே பார்த்தார். "இந்தக் கட்டத்த நான் பாத்திருக்கேனே. நீங்கதானே ஏம்பலத்துப் பொண்ணுக்குக் கொண்டாந்தீங்க?"

நான் சுவரில் இருந்த காலண்டரில் அந்த மாதத்தின் எல்லாத் தேதிகளையும் படித்தேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "அதே மாதிரிதான் இருக்குது இல்ல? நீங்க எண்ணுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பேசவில்லை. ஜெராக்ஸ் வருகிற அரை நிமிஷத்தில் அரை ஊர்க் கதை சொல்கிறவர் அவர். கரிக்கலாம்பாக்கம் தாண்டியும் பின்னால் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவும், அம்மா என்ன ஆவார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டு வண்டியைப் பள்ளத்தில் எல்லாம் இறக்கினேன். பாகூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தை வாயைத் திறந்தார்.

"எனக்கும் அந்தாளுக்கும் எத்தினி பொருத்தம் தெரியுமா?"

"தெரியாது அத்த."

"பத்துக்குப் பத்து."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கடை வாசலில் இறங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பட்டுப்புடவையில் இருந்தார். தட்டில் பழமும் பூவும் தயாராக இருந்தன. அத்தை மஞ்சள் பையோடு உள்ளே வந்து, பைக்குள் கையை விட்டு என் ஜாதகத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார்.

"இத நீயே வெச்சிக்க. இதுக்குப் பொருத்தமானது என் பையில இல்ல."

"எட்டுப் பொருத்தம்னு சொன்னியேக்கா."

"சொன்னேன். எண்ணுனது சரி, ஜோடிதான் தப்பு."

"தோஷம் ஏதாவது இருக்குதா? மறைக்காத."

"ஒரு தோஷமும் இல்ல. பத்தர மாத்துப் புள்ள. ஏம்பலத்துக்கு நான் போன் பண்ணிட்டேன், எல்லாப் பழியும் என் மேல. நீ புடவைய மாத்து."

அம்மா உட்கார்ந்து அழுதார். பிறகு, எல்லாம் ஏழாமிடத்துச் சனி செய்கிற வேலை என்று அவராகவே முடிவு செய்து சனிக்கிழமைதோறும் எள் விளக்குப் போட ஆரம்பித்தார். இன்றைக்கும் போடுகிறார். சனி பகவானுக்கு என்னால் நல்ல வரும்படி.

நான் அத்தையின் பின்னாலேயே தெருவுக்கு ஓடினேன்.

"எப்ப அத்த தெரியும்?"

"நாப்பதாம் பக்கத்துலயே. ஆமை சொல்லுது இல்ல? அச்சு அசலா ஒங்கம்மா போன்ல சொல்ற மாதிரியே சொல்லுது."

"அப்பறம் ஏன் ஒன்னும் கேக்கல?"

"கேக்கலையா? லெட்டர் முழுக்க ஒன்னத்தானடா கேட்டேன். நீ கல்லு மாதிரி ஒக்காந்து டைப் அடிக்கற." கொஞ்ச நேரம் மஞ்சள் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நீயா சொல்லுவேன்னு ஜோசியர் வூடு வரைக்கும் இட்டுக்கினு போனேன். அங்கயும் காலண்டர் படிக்கற. ஏம்பலத்துப் பொண்ணு நல்ல பொண்ணுடா. அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

அந்த நிமிஷம் வரைக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. என் பயத்தை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவைக்க இருந்தேன். வெட்கம் தாங்காமல் நடுத்தெருவில் அழுதேன்.

"ஊர்ல யாரு கிட்டயும் சொல்ல மாட்டீங்களே அத்த?"

"ஜோடி சேந்தப்பறம்தான் நான் ஊர்ல சொல்றது வழக்கம். ஒத்தையில நிக்கறவனப் பத்திச் சொல்றதுக்கு இன்னா இருக்குது?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார். சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. ஏம்பலத்துப் பெண்ணுக்கு அடுத்த தை மாதத்துக்குள் ஒரு வாத்தியாரைப் பார்த்து முடித்துவிட்டார்.

மறு வருஷம் அத்தையின் மகள் வந்து அவரையும் வீட்டுக்காரரையும் ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடையைக் காலி செய்த அன்று அத்தை தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் மேஜையில் வைத்தார். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மிஷினை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்காமல் இடுப்பில் பிள்ளையைப் போல வைத்திருந்தார்.

பிரித்தேன். எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு. ஒன்றில் புள்ளி புள்ளியாக என் இனிஷியலும் பெயரும். இன்னொன்றில் ஒன்றும் இல்லை.

"பேரு வந்ததும் இத அனுப்பிட்டுப் போன் பண்ணு. வெட்டி அனுப்பறேன்" என்றார். வெளியே அவர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "அந்தம்மா கிட்ட சொல்லு தம்பி, வண்டி வந்துடுச்சு" என்றார். சொன்னேன். அத்தை வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார். "புஸ்தகம் மறுபடி அடிச்சா அந்த முந்நூறு வருசத்தக் கொஞ்சம் கொறைடா."

நாலு வருஷம் எழுத்து இல்லாத டம்ளரை யாருக்கும் கொடுக்காமல் கவிழ்த்தே வைத்திருந்தேன். கடைக்குத் தாள் கட்டு கொண்டுவந்து போடுகிற வில்லியனூர்க்காரன் ஒருவன், ஒருநாள் அவனாகவே அதை எடுத்துக் கழுவி டீ ஊற்றிக்கொண்டான். "இதுல மட்டும் ஏன் பேர் இல்ல?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பதிலைக் கேட்டுவிட்டு அதே டம்ளரில் இன்னொரு டீ ஊற்றிக்கொண்டான்.

போன மாதம் அந்த டம்ளரை ஓசூருக்குப் பார்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததும் போன் செய்தேன். அவன் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் பார்சல் தாளைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. அடுத்து நட்சத்திரம் கேட்பார் என்று அதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தயாராக வைத்திருந்தேன்.

"நட்சத்திரம் சதயம் அத்த" என்றேன்.

"அத ஆருடா கேட்டா?" என்றார் அத்தை. பின்னால் பெயர் வெட்டுகிற மிஷின் உறுமத் தொடங்கியது. "இனிஷியலச் சொல்லு."